நாலாவது பாட்டு

“கண்டுபிடிச்சாச்சா மிஸ்ஸி?”

பேருந்திலிருந்து இறங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கழிப்பறை எங்கே என்பதுகூட அதற்கு அப்புறம்தான். அந்தத் தீவில் அரெசிபோ மலைக்காரர்கள் ‘ரேடார்’ என்று சொல்லும் அந்த ராட்சதத் தொலைநோக்கியைப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் அலுமினியத் தகடு வேய்ந்து கிண்ணமாக்கி, அதற்கு மேலே வடங்களில் ஓர் இரும்பு மேடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கிற காது. இவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு இன்னுமா ஒருத்தரும் அகப்படவில்லை என்று பிறகு ஒதிலியாவைத் திரும்பிப் பார்ப்பார்கள், ஏதோ அவள்தான் வேற்றுக்கிரகத்தாரைப் பிடித்து அலமாரியில் பூட்டிவைத்திருப்பதுபோல.

“இன்னும் இல்ல கண்ணுகளா,” என்பாள் ஒதிலியா.

பார்வையாளர் கூடம் திறந்த நாளிலிருந்து அவள் அங்கே வழிகாட்டி. தன் வாழ்நாளில் தன் பெயரைச் சொன்னதைவிட அதிகமாக அவள் சொன்னது இந்த ‘இன்னும் இல்ல’வைத்தான். அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்ததில்லை. ஒவ்வொரு முறையும், அடுத்த பேருந்து வருவதற்குள் யாராவது மேலேயிருந்து ஓடிவந்து ‘வந்துவிட்டது’ என்று கத்தமாட்டார்களா என்ற ஆசை அவளுக்கு இருந்தது. அறுபது வயதுப் பெண்பிள்ளைக்கு இந்த ஆசை எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். கேட்கட்டும். ஊருக்கு வேறு என்ன வேலை?

சில பிள்ளைகள் அத்தோடு விடமாட்டார்கள். “அப்போ அங்க யாருமே இல்லைன்னுதானே மிஸ்ஸி அர்த்தம்? இருந்தா பதில் சொல்லியிருப்பாங்கல்ல?”

ஒதிலியா அப்போது குனிந்து, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்வாள்: “பதில் வரலைன்னா ஆள் இல்லைன்னு யாரு சொன்னா? கிறிஸ்துமஸ் மாசம் உங்க வீட்டு வாசல்ல பாட்டுக் கூட்டம் வந்து நிக்குதுன்னு வை. உள்ள உங்கம்மா இருக்காங்க. ஆனா அடுப்புல ஒண்ணுமில்ல. வந்தவங்களுக்குக் குடுக்க ஒரு வாய் காப்பிகூட இல்ல. விளக்க அணைச்சிட்டு மூச்சுக் காட்டாம உக்காந்திருக்காங்க. வெளிய நிக்கறவனுக்கு அது எப்படித் தெரியும்?”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நட்சத்திரத்தில் அடுப்பாம்! கூட வந்த ஆசிரியைகளும் சிரிப்பார்கள். ஒதிலியாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, நம்முடைய பால்வீதியில் மட்டும் பத்தாயிரம் கோடிக்கு மேல் நட்சத்திரங்கள் இருக்கின்றன என்று ஆரம்பித்து, பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போவாள்.

அவளோடு சேர்ந்து சிரிக்காத ஆள் ஒருவன் அங்கே இருந்தான். அன்செல்மோ. கட்டுப்பாட்டு அறையில் அவனுக்கு வேலை. விஞ்ஞானிகள் எந்த நட்சத்திரத்தைக் கேட்டார்களோ அதன் பக்கம் மேடைக் கருவியைத் திருப்பிக்கொடுப்பது. இளவயதில் அங்கே போய் உட்கார்ந்தவன், தலை நரைத்த பிறகும் அதே நாற்காலியில் இருந்தான். காலை பத்து மணிக்கு இரண்டு கோப்பைக் காப்பியோடு கூடத்துப் பால்கனிக்கு வருவான். ஒன்று அவனுக்கு, ஒன்று ஒதிலியாவுக்கு. அவன் மனைவி ஐரிஸ் இருந்த காலத்திலும் வந்தான், அவள் இறந்த பிறகும் வந்தான். அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. இரண்டு பேரும் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு காப்பி குடித்தால் யார் என்ன சொல்ல முடியும்?

“இன்னைக்கு யாரக் கேட்டே?” என்பாள் ஒதிலியா.

“செத்த நட்சத்திரம் ஒண்ணு. ஒரு பெரிய ஆளு அதத்தான் கேட்டாரு.”

“உசுரோட இருக்கறவங்களக் கேக்க மாட்டீங்களா?”

“அதுக்குத்தான் ஒண்டுக்குடித்தனம் இருக்கே.”

வேற்றுலகத்தாரைத் தேடும் கருவிக்கு அவன் வைத்த பெயர் அது. பொருத்தமான பெயர்தான். தேடுகிறவர்களுக்கென்று ரேடாரில் தனி நேரம் கிடைப்பது அரிது. மற்றவர்கள் தங்கள் வேலைக்காக எந்தத் திசையில் திருப்புகிறார்களோ, அந்தத் திசையில் வருவதை ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரன் நகர்ந்தால் இவர்களும் நகர வேண்டும்.

“ஒரு நட்சத்திரத்துக்கு எவ்வளவு நேரம் குடுப்பே?”

“சில நிமிஷம்.”

“அப்புறம்?”

“அப்புறம் அடுத்தது. வானம் என்ன உன் சமையக்கட்டா, ஒரே எடத்துல உக்காந்து கெளறிக்கிட்டிருக்க?”

“நீ திரும்பின நேரம் பார்த்து அவன் வாயைத் திறந்திருந்தா?”

“அவன் தலையெழுத்து.”

இப்படித்தான் அவர்கள் சண்டை ஓடும். ஆனால் ஒருநாள், ஐரிஸ் இறந்த மறு வருடம், அன்செல்மோ கோப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வேறு குரலில் பேசினான்.

“ஆள் இல்லைன்னு நான் சொல்லல ஒதிலியா. இருப்பாங்க. இத்தனை நட்சத்திரத்துல நாம மட்டும்தான்னு நெனைக்க நான் என்ன முட்டாளா? ஆனா இருந்தும் பேசலைன்னா, பேச இஷ்டமில்லைன்னு அர்த்தம். நம்ம வர்றதப் பார்த்து விளக்க அணைக்கறவங்க வாசல்ல எவ்வளவு நேரம் நிக்கறது? அது நமக்கும் மரியாதை இல்ல, அவங்களுக்கும் இல்ல.”

அவன் பார்த்திருக்கிறான். விளக்கு அணைந்ததை அவன் அன்றைக்கே பார்த்திருக்கிறான். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று ஒதிலியாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்ல வாயெடுத்தாள். கீழே ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வந்து நின்றது. நாற்பது பிள்ளைகள் இறங்கி, நாற்பது பேரும் ஒரே குரலில் “கண்டுபிடிச்சாச்சா மிஸ்ஸி?” என்று கத்தினார்கள். அன்செல்மோ தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நடந்தது இதுதான். ஒதிலியாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. அந்த வருடம்தான் சர்க்கரை ஆலை மூடியது, அப்பா இறந்தார். கிறிஸ்துமஸ் நெருங்கியதும் மலையில் பாட்டுக் கூட்டங்கள் கிளம்பிவிட்டன. அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. பத்துப் பதினைந்து பேர் திருடர்கள்போல அடிமேல் அடி வைத்து வந்து வாசலில் நிற்பார்கள். பிறகு நரம்புக் கருவியும் மேளமும் சுரைக்குடுக்கையைச் சுரண்டும் சத்தமுமாக ஒரேயடியாகப் பாட ஆரம்பிப்பார்கள். வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து, துவரைச் சோறோ இலையில் மடித்து வேகவைத்த பஸ்தேல் பலகாரமோ போட்டு, கள்ளச் சாராயம் ஊற்றி, அவர்களும் கூட்டத்தோடு அடுத்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். கதவு திறக்காவிட்டால் மூன்று பாட்டு வரைக்கும் பொறுப்பார்கள். மூன்றுக்கும் திறக்காத வீட்டில் நிற்கக்கூடாது என்பது அந்த மலையின் வழக்கம். எவன் போட்ட வழக்கமோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

அன்செல்மோ தன் கூட்டத்தோடு ஒதிலியாவுக்காக வந்தான். வருவான் என்று அவளுக்குத் தெரியும். தேவாலயத்து வாசலில் அவன் பார்த்த பார்வையே சொல்லியிருந்தது. அம்மா சன்னல் இடுக்கு வழியாக அவர்கள் மேடேறி வருவதைப் பார்த்தாள். அடுக்களையைப் பார்த்தாள். காலைக்கு வைத்த ஒரு பிடி அரிசி இருந்தது, அவ்வளவுதான். அம்மா விளக்கை அணைத்தாள். ஒதிலியாவைத் தரையில் தன்னோடு இழுத்து உட்காரவைத்து அவள் வாயைப் பொத்தினாள்.

“அசையாதடி. அப்பன் செத்த நாலு மாசத்துல சோத்துக்கு இல்லாமப் போச்சுன்னு ஊர் சிரிக்கும். ஒருத்தர்கிட்டயும் இதப் பேசக்கூடாது. என் மேல சத்தியம்.”

வெளியே அன்செல்மோ பாடினான். முதல் பாட்டு கும்மாளமாக இருந்தது. இரண்டாவது பாட்டில் அவன் குரல் மட்டும் முன்னால் வந்தது. மூன்றாவது பாட்டில் குரல் இறங்கிவிட்டது. ஒதிலியா அம்மாவின் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். மானம் போனால் போகிறது என்று இருட்டில் தடவிக்கொண்டு போய்க் கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். அப்போது காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அவனுக்கு ஐரிஸோடு கல்யாணமாகிவிட்டது. ஐரிஸைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் ஒதிலியாவுக்குப் பெரிய கஷ்டம். வெறுக்கவாவது முடிந்திருந்தால் பொழுது போயிருக்கும். அந்த வருடம் கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகளை அவள் வேண்டாமென்று சொன்னாள். அப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் சத்தியம் போகவில்லை. கல்யாணமானவனிடம் போய்ப் பழைய கதவைப் பற்றி என்ன பேசுவது? ஐரிஸும் போன பிறகோ, இனிமேல் எதற்கு என்று ஒரு வெட்கம். பிள்ளைகளிடம் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள், அடுப்பில் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று.

பிறகு மரியா புயல் வந்தது. தீவு முழுவதும் ஒரே நாளில் இருண்டது. ரேடாரின் பெரிய கருவிகளில் ஒன்று முறிந்து கிண்ணத்துக்குள் விழுந்தது. பார்வையாளர் கூடம் பூட்டிக் கிடந்தது. மலையில் பாதிப் பேர் கூரையைத் தேடினார்கள், மீதிப் பேர் ஃபுளோரிடாவுக்கு விமானம் தேடினார்கள். கைபேசி செத்துவிட்டது. எதிர் மலையில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று சொல்ல ஆளில்லை. முன்பெல்லாம் மாலையானால் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இப்போது இருக்கிற வீடும் இருட்டு, இல்லாத வீடும் இருட்டு.

அன்செல்மோவின் வீடு எதிர் மலையில், மண் சரிந்து பாதை துண்டிக்கப்பட்ட பக்கம் இருந்தது. டிசம்பர் பிறந்த பிறகும் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தண்ணீர் லாரி வரும் இடத்தில் வரிசையில் நின்றபோது பக்கத்து வீட்டு நெரெய்தா ஒதிலியாவிடம் சொன்னாள்:

“அவன் போயிட்டான்டி. மக ஒர்லாண்டோவுலேருந்து டிக்கெட் அனுப்பிட்டாளாம். விமான நிலையத்துல பார்த்ததா சொல்றாங்க.”

“யாரு பார்த்தா?”

“யாரோ பார்த்தாங்க. எனக்கென்ன தெரியும்? அந்த வீட்டுல இப்ப ஈ காக்கா கிடையாது. சன்னல்ல அடிச்ச பலகையக்கூடக் கழட்டல.”

“கழட்டலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமா?”

“ஆரம்பிச்சிட்டியா! இது என்னடி ரேடாரா? வீடுடி, வீடு!”

இருட்டாகக் கிடக்கும் வீடு காலி வீடு இல்லை என்பது ஒதிலியாவுக்குத் தெரிந்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்? அன்று வீட்டுக்கு வந்து, எதிர் மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் போயிருந்தால் போகட்டும், மகளிடம் சுகமாக இருக்கட்டும் என்று நினைக்கப் பார்த்தாள். நினைக்க முடியவில்லை. போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானா என்று அழுகை வந்தது. போகாமல் இருந்தால் என்ன சாப்பிடுகிறான் என்று அதற்கு மேல் அழுகை வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அவள் தன் கோழியை அறுத்தாள். பன்னிரண்டு கோழியில் புயலுக்குப் பிறகு மிஞ்சிய ஒரே கோழி. நிவாரண அரிசியும், செடியோடு சாய்ந்து கிடந்து பிழைத்த மிளகாயும் போட்டு, கோழிக் கஞ்சி வைத்தாள். பாட்டுக் கூட்டம் கடைசியாகப் போகும் வீட்டில் வைக்கிற கஞ்சி அது. வாசனை பிடித்து நெரெய்தா வந்துவிட்டாள்.

“அடிப்பாவி, அந்தக் கோழியா? புயலுக்குத் தப்பிச்சது உன் காதலுக்குத் தப்பலையேடி!”

“வாய மூடு. உங்க வீட்டு சுரைக்குடுக்கை வாத்தியத்தக் கொஞ்சம் குடு.”

“எதுக்கு?”

“பாடப் போறேன்.”

“நீயா? பட்டப் பகல்லயா? தனியாவா?” நெரெய்தா இடுப்பில் கை வைத்தாள். “பாடறவங்க சோறு தூக்கிட்டுப் போவாங்களா? கதவத் திறக்கறவங்கதானடி சோறு போடணும். நீ எல்லாத்தையும் தலைகீழாப் பண்றே. போதாததுக்கு உன் குரல்! உள்ள அவன் இருந்தாலும் பின்வாசல் வழியா ஓடிருவான்.”

சொன்னாளே ஒழிய, வீட்டுக்கு ஓடிப்போய் வாத்தியத்தை எடுத்துவந்தாள். சரிவு விழுந்த இடம் வரைக்கும் சட்டியை மாறிமாறித் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள். அதற்கு மேல் அவள் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

“அவன் இல்லைன்னா சட்டிய அங்கேயே கவுத்துட்டு வந்துராத,” என்றாள் நெரெய்தா. “நான் இங்கயேதான் நிப்பேன்.”

ஒதிலியா சட்டியைத் துணியில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, செம்மண் சரிவில் வேரைப் பிடித்து ஏறினாள். இரண்டு இடத்தில் உட்கார்ந்தே நகர்ந்தாள். அன்செல்மோவின் வீட்டுக் கூரையில் பாதியில் நீலத் தார்ப்பாய் படபடத்தது. சன்னல்களில் பலகை அடித்தது அடித்தபடி இருந்தது. முற்றத்தில் விழுந்த மரம் அப்படியே கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை. நெரெய்தா சொன்னது சரிதான் என்று பட்டது.

பட்டால் என்ன? இவ்வளவு தூரம் வந்தாயிற்று. சட்டியைப் படியில் வைத்தாள். சுரைக்குடுக்கையைச் சுரண்டி, தொண்டையைக் கனைத்துப் பாடினாள். முதல் பாட்டு அவளுக்கே சகிக்கவில்லை. யாராவது பார்த்தால், புயலில் ஒதிலியாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். கதவு அசையவில்லை. இரண்டாவது பாட்டில் அடி மறந்துபோய்ப் பாதியில் வேறு பாட்டுக்குத் தாவினாள். கதவு அசையவில்லை. மூன்றாவது, அன்றைக்கு அன்செல்மோ மூன்றாவதாகப் பாடிய அதே பாட்டு. அதைத் தவறில்லாமல் பாடினாள். நாற்பது வருடமாக உள்ளுக்குள் பாடிக்கொண்டிருந்த பாட்டு எப்படித் தவறும்?

முடித்துவிட்டு நின்றாள். தார்ப்பாய் படபடத்தது. அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

வழக்கப்படி இனிமேல் நிற்கக்கூடாது. வெளியே நிற்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் தான் உட்கார்ந்திருந்த இருட்டை மட்டுமே நினைத்து நொந்தாள். அவன் நின்ற வாசலை நினைத்ததே இல்லை. பதினைந்து பேர் பார்க்க, மூடிய கதவின் முன்னால் மூன்று பாட்டு பாடிவிட்டுத் திரும்பிப்போன அந்தப் பையனுக்காக அவளுக்கு நெஞ்சு வலித்தது.

ஒதிலியா படியில் உட்கார்ந்தாள். நாலாவது பாட்டு எதுவும் அவளுக்குத் தெரியாது. அந்த மலையில் யாருக்கும் தெரியாது, தேவைப்பட்டதில்லை. வாய்க்கு வந்ததை ராகம் போட்டு இழுத்தாள்:

“கஞ்சி நான் கொண்டாந்தேன், கிண்ணம் மட்டும் நீ கொண்டா… அடுப்பு எரியலைன்னா போகட்டும், ஆளு இருந்தா அது போதும்…”

உள்ளே ஏதோ உரசியது. ஒதிலியா சுரண்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் போய்விடுமோ என்று பயம். தாழ்ப்பாள் விலகியது.

அன்செல்மோ நின்றான். தாடி வளர்ந்து, சட்டைக் கழுத்துக்குள் ஆளே பாதியாக இருந்தான். அவளைப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“வீட்டுல ஒண்ணும் இல்ல ஒதிலியா,” என்றான். “காப்பித்தூள்கூட இல்ல. டப்பா சாஸேஜும் நேத்தோட தீந்துருச்சு. உன்ன உக்காரவைக்க நனையாத நாற்காலி ஒண்ணு இல்ல. மக புயலுக்கு முன்னாடியே கூப்பிட்டா, போகப் பிடிக்கல. மொதப் பாட்டுலயே எந்திரிச்சிட்டேன். திறக்க வெக்கமா இருந்துச்சு.”

“தெரியும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“எங்கப்பா செத்த வருஷம்,” என்றாள் ஒதிலியா. “நீங்க மேடேறி வர்றதப் பார்த்து அம்மா விளக்க அணைச்சாங்க. வீட்டுல ஒரு பிடி அரிசிதான் இருந்துச்சு, அன்செல்மோ. அதான். வேற ஒண்ணுமில்ல. நான் உள்ளதான் இருந்தேன். தாழ்ப்பாள்ல கை வச்சிட்டேன்.”

அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் ஏதோ கணக்குப் போவது தெரிந்தது. அந்தக் கணக்கை அவள் எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறாள். எப்படிப் போட்டாலும் விடை மாறாது.

“மூணு பாட்டு பாடினோமே,” என்றான்.

“மூணுதான் பாடினீங்க.”

அன்செல்மோ உள்ளே போனான். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தான், கையில் ஒரு கிண்ணமும் ஒரு காப்பிக் கோப்பையும் இருந்தன. படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மரங்கள் ஒன்றும் மிஞ்சாததால் அங்கிருந்தே ரேடாரின் மேடை தெரிந்தது, வடங்களில் இன்னும் தொங்கிக்கொண்டு.

“ரேடார மறுபடியும் ஓட்டாம விடமாட்டாங்க,” என்றான். “எந்த நட்சத்திரத்துலேருந்து ஆரம்பிக்கலாம், சொல்லு.”

“ஏற்கெனவே கேட்டுட்டு விட்டுட்டு வந்தீங்களே, அதுலேருந்து.”

அவன் தலையாட்டினான். ஒதிலியா கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி முதலில் அவனிடம் கொடுத்தாள். பிறகு எழுந்து, சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த நெரெய்தாவைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்:

“ஆள் இருக்குடி!”